மனையும் மாதச் சம்பளமும்



பொருளாதாரத்தைச் சேர்ந்த விஷயம் ஒன்றை ஆண்டுக்கொருமுறை பொதுமக்களுக்கும் விளங்கும் தமிழில் எடுத்துரைக்க வேண்டும் என்பது இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் நிபந்தனை. உலக வாணிபம், நாணய மதிப்பு முதலிய பெரிய விஷயங்களைப் பற்றி எனக்கு முன்னே இம்மேடையில் நின்ற அறிஞர்கள் பேசிப் போயிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அவற்றைவிடச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் இளைஞர்களில் பெரும்பாலோருடைய அடுத்த இருபது முப்பது ஆண்டு வாழ்க்கையை நிர்ணயிக்கப்போவது அதுவே என்று நம்புகிறேன். படித்துப் பட்டம் பெற்று, உத்தியோகத்தில் அமர்ந்து, முப்பது வயதை எட்டுகிற ஒருவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தைக் கொண்டு சென்னையில் குடியிருக்க ஒரு வீடு வாங்க முடியுமா என்பதே கேள்வி. விடையைக் கடைசிவரை ஒளித்து வைத்துப் பேசும் வழக்கம் எனக்கில்லை. சம்பளத்தைக் கொண்டு மட்டும் முடியாது. தகப்பனார் வைத்துப்போன மனையோ, மாமனார் கொடுக்கிற பணமோ, ஊரில் விற்கத்தக்க நிலமோ உள்ளவர்களுக்கு முடியும். இது ஏன் இவ்வாறு ஆயிற்று, இவ்வாறே இருக்க வேண்டியதுதானா என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் என் பழைய மாணவர் ஒருவர் தம் மனைவியாரோடும் ஒரு வயதுக் குழந்தையோடும் என் வீட்டுக்கு வந்திருந்தார். கணவன் மனைவி இருவரும் பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். மேடவாக்கத்துக்கு அப்பால் எழும்பிக்கொண்டிருந்த அடுக்ககம் ஒன்றில் இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடலாமா என்பது அவர்களுடைய யோசனை. "சார், இதை ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க, நாங்க இருபது தடவை பார்த்தாச்சு" என்று சொல்லி, வங்கியில் அச்சிட்டுக் கொடுத்த காகிதக் கற்றை ஒன்றை என்னிடம் நீட்டினார்.

வீட்டின் விலை 75 லட்சம். ரிசர்வ் வங்கி விதித்திருக்கும் வரம்பின்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள வீட்டுக்கடனைப் பொறுத்தமட்டில், வீட்டின் மதிப்பில் நூற்றுக்கு 80 பங்கு வரையே வங்கி கொடுக்கலாம். ஆகவே கடன் 60 லட்சம். வட்டி எட்டரை சதவீதம், தவணைக் காலம் 20 ஆண்டு, மாதாமாதம் கட்ட வேண்டியது 52,069 ரூபாய். அந்தக் கற்றையில் மாதத்துக்கு ஒன்றாக 240 வரிகள் இருந்தன. முதல் வரியில் விரலை வைத்துப் படித்தேன்: வட்டிக்கு 42,500, அசலுக்கு 9,569. அறுபதாவது வரிக்கு வந்தேன். ஐந்து ஆண்டுக் காலம் ஒரு மாதமும் தவறாமல் கட்டி, 31 லட்சத்துக்கு மேல் கொடுத்துத் தீர்த்த பிறகு, அசலில் குறைந்திருக்கக்கூடியது 7 லட்சத்துச் சொச்சம். கடைசி வரியை எட்டும்போது அவர்கள் கட்டி முடித்திருக்கும் தொகை ஏறக்குறைய ஒரு கோடியே 25 லட்சம். அந்தப் பெண் அறுபதாம் வரிக்கு நேரே பென்சிலால் ஒரு சிறு கோடு இழுத்து, 'பாப்பா ஒண்ணாம் கிளாஸ்' என்று எழுதி வைத்திருந்தார். 204 ஆம் வரிக்கு நேரே 'காலேஜ்' என்று எழுதியிருந்தார். அதற்கப்பாலும் மூன்று ஆண்டுத் தவணை பாக்கி இருந்தது.

வங்கி கொடுப்பது போக எஞ்சிய 15 லட்சத்தையும், கட்டி முடியாத வீட்டை வாங்குவோர் செலுத்தும் 5 சதவீத ஜி.எஸ்.டி. 3,75,000 ரூபாயையும், அதன்மேல் முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தால், கையிலிருந்து போட வேண்டியது 20 லட்சத்தைத் தாண்டியது. அவர்களுடைய சேமிப்பு 7 லட்சம். "மீதிக்கு என்ன செய்யப்போகிறீர்கள், தம்பி?" என்று கேட்டேன். மாணவர் தலை குனிந்து குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவியார்தான், "ஊர்ல இருக்கிற ஒரு ஏக்கரை வித்துத் தர்றேன்னு எங்க அப்பா சொல்லியிருக்காங்க, சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையே இன்றைய சொற்பொழிவுக்கு வித்து.

என் வயதுடையவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இக்காலத்து இளைஞர்களுக்குச் சிக்கனம் தெரியவில்லை, கைபேசிக்கும் ஹோட்டலுக்கும் உல்லாசப் பிரயாணத்துக்கும் பணத்தை இறைத்துவிட்டு வீடு இல்லையே என்று வருந்துகிறார்கள் என்ற அபிப்பிராயம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அந்த அபிப்பிராயத்தை நான் விட்டுவிட்டேன். பெரிய கம்பெனிகள் கல்லூரியிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளும் பொறியியல் பட்டதாரிக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்ற அளவிலேயே பல ஆண்டுகளாகச் சம்பளம் கொடுத்து வருகின்றன. மாதத்துக்குப் பிரித்தால் முப்பதினாயிரத்துக்கும் குறைவு. இதில் வாடகையும் சாப்பாடும் போக, ஊருக்கும் அனுப்பியது போக, ஒருவர் கொஞ்சங் கொஞ்சமாகச் சம்பளம் உயர்ந்து, மாதம் 20,000 ரூபாய் மிச்சம் பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டு சேர்த்தால் 19 லட்சத்துச் சொச்சம். ஆனால் வீட்டின் விலை ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஏறிக்கொண்டிருந்தால், அதே எட்டு ஆண்டில் 75 லட்சம் ஒரு கோடியே பத்து லட்சமாகி நிற்கும். 15 லட்சமாயிருந்த முன்தொகை 22 லட்சமாகியிருக்கும். ஓடுகிறவனைக் காட்டிலும் ஊர் வேகமாக ஓடினால், ஓடுகிறவனுடைய கால்களைக் குறை சொல்வது நியாயமாகாது.

வீட்டின் விலை இவ்வாறு ஏறுவதற்குக் காரணம் என்ன? வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம்மவர் வழங்கும் பழமொழியைச் சற்றே ஊன்றிக் கவனித்தால், அது கட்டுவதிலுள்ள கஷ்டத்தைப் பேசுகிறதே தவிர, கட்டுவதற்குரிய இடத்தை அடைவதிலுள்ள கஷ்டத்தைப் பேசவில்லை என்பது விளங்கும். பழமொழி பிறந்த காலத்தில் மனை இருந்தது; அதன்மேல் நிற்கும் சுவருக்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. இன்று நிலைமை தலைகீழ். சிமெண்டு மூட்டை மயிலாப்பூரிலும் மதுராந்தகத்திலும் ஏறக்குறைய ஒரே விலைதான். கம்பியும் அப்படியே. கொத்தனார் கூலியில் வித்தியாசம் உண்டு என்றாலும் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமன்று. ஒரே வரைபடத்தின்படி, ஒரே மேஸ்திரியைக் கொண்டு, இவ்விரண்டு ஊர்களிலும் ஒவ்வொரு வீடு கட்டினால், மயிலாப்பூர் வீடு பல மடங்கு விலை போவது செங்கல்லின் பெருமையினால் அன்று. அடியில் இருக்கும் மண்ணின் மகிமையினாலேதான்.

அந்த மண்ணுக்கு மகிமை கொடுத்தது யார்? நிலத்தின் சொந்தக்காரர் அதில் ஒரு பிடி எருவும் போட்டிருக்க வேண்டியதில்லை. முன்னே சாலை போட்டது அரசாங்கம். குடிநீர்க் குழாய் பதித்ததும் மின்கம்பம் நட்டதும் பொதுப்பணம். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கோயிலும் சந்தையும் ஏற்பட்டது ஜனங்கள் வந்து குடியேறியதனால். அருகே மெட்ரோ ரயில் நிலையம் வரப்போகிறது என்ற செய்தி பரவிய மாத்திரத்தில், ஒரு தூண்கூட எழும்பாமல் இருக்கும்போதே, கிரௌண்டு விலை உயர்ந்துவிடுகிறது. சமுதாயம் முழுவதும் கூடி உண்டாக்கிய மதிப்பை, முன்னமே வந்து இடம் பிடித்தவர் பெற்றுக்கொள்கிறார். பின்னே வருகிறவர் அதைத் தம் 240 வரிகளில் செலுத்துகிறார். அந்தப் பின்னே வருகிறவர்தாம் சாலையில் வாகனவரி கட்டி ஓடுகிறவர், கம்பெனியில் உழைத்து வருமானவரி கட்டி நகரத்துக்கு வளம் சேர்க்கிறவர் என்பதை நினைக்கும்போது, இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

இக்கேள்வி புதியதன்று. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் அச்சுக் கோப்பவராக இருந்து பத்திரிகையாசிரியராக உயர்ந்த ஹென்றி ஜார்ஜ் என்பவர், கலிபோர்னியாவில் ரயில் வந்து ஜனத்தொகை பெருகிய காலத்தில், செல்வம் பெருகப் பெருக வறுமையும் உடன் பெருகுவது ஏன் என்று ஆராயத் தலைப்பட்டு, நிலத்தின் விலையேற்றமே அதற்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்து, 1879 இல் 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற பொருள்பட ஒரு பெருநூலை வெளியிட்டார். அந்நூல் பிறந்த அதே பிரதேசம் இன்று நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சென்று கணினித்தொழில் புரியும் இடம். மிக உயர்ந்த சம்பளங்கள் அங்கே கொடுக்கப்படுகின்றன. எட்டாத விலையிலுள்ள வீடுகளும் அங்கேயே இருக்கின்றன. சம்பளம் உயர்ந்தால் வீடு எளிதாகிவிடும் என்று எண்ணுவோர் இந்த ஒன்றைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். உயர்ந்த சம்பளத்தை நிலம் முதலில் உறிஞ்சிக்கொள்கிறது, மீதிதான் மனிதனுக்கு. அதுமட்டுமன்று. 1978 ஆம் ஆண்டில் அந்த மாநிலத்து வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட ஒரு சட்டத்திருத்தத்தின்படி, சொத்துவரிக்காகக் கணக்கிடப்படும் மதிப்பு, வீடு கைமாறாதவரையில், ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் உயர முடியாது. ஆதலின் ஒரே தெருவில் ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில், நாற்பது ஆண்டாக இருப்பவர் கட்டும் வரியைப்போலப் பல மடங்கு வரியை நேற்று வாங்கியவர் கட்டுகிறார். முன்னே வந்தவருக்குச் சலுகை, பின்னே வந்தவருக்குச் சுமை என்பதையே சட்டமாக்கிய இடம் அது.

சென்னைக்குத் திரும்புவோம். இந்நகரம் எப்பொழுதும் இப்படி இருந்ததில்லை என்பதை இளைஞர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். 1920 ஆம் ஆண்டில் நகரமைப்புச் சட்டம் ஏற்பட்ட பிறகு, மாம்பலத்தில் நீண்டு கிடந்த ஏரியைத் தூர்த்து, தெருக்களும் பூங்காவும் வகுத்து, மனைகளாகப் பிரித்து விற்றதனால் எழுந்ததுதான் தியாகராய நகர். நாற்பதுகளின் இறுதியில் அடையாற்றில் காந்தி நகர் உண்டாயிற்று. அதைச் செய்தது ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கம். சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்டு என்ற பொது ஸ்தாபனத்தின் பெயர் சி.ஐ.டி. நகர் என்று இன்றும் வழங்கி வருகிறது. அதன் பின்வந்த வீட்டுவசதி வாரியம் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்தது. அசோக் நகரும், கே.கே. நகரும், பெசன்ட் நகரும், 1968 உலக வர்த்தகக் கண்காட்சியை ஒட்டித் தழைத்த அண்ணா நகரும் அதன் கைவண்ணம். இவையெல்லாம் தனித்தனியே வேறுபட்டவை என்றாலும், எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. விலை ஏறுவதற்கு முன்னே நிலத்தைப் பொதுநோக்கமுள்ள ஒரு ஸ்தாபனம் கையில் எடுத்துக்கொண்டு, சாலையும் தண்ணீரும் கொண்டுவந்து, அதன்பின் சம்பளக்காரர் தாங்கக்கூடிய விலைக்கு அதைக் கொடுத்தது.

என் தகப்பனார் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வாரியத்தின் தவணைத் திட்டத்தில் அவருக்கு ஒரு சிறு வீடு ஒதுக்கீடாயிற்று. ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா அதைச் சுவாமி படத்துக்கு அடியில் வைத்து, குங்குமம் இட்டார். மாதாமாதம் ரசீதைக் கம்பியில் குத்தி வைப்பார் அப்பா. அவருக்கு ஊரில் ஒரு சென்டு நிலமும் கிடையாது. என் பாட்டனார் பிறர் நிலத்தில் உழைத்தவர். ஒரு வாத்தியாருடைய சம்பளம், வேறெந்தத் துணையும் இல்லாமல், சென்னையில் ஒரு வீடாக மாற முடிந்தது. அந்த வீட்டில் இருந்துகொண்டுதான் நான் படித்தேன். என் தந்தை என்னைவிடச் சிக்கனமானவர் என்பது உண்மை; ஆனால் இன்று அதே சிக்கனத்தோடு, அதே உத்தியோகத்தில் அவர் இருந்தால், பரங்கிமலையைத் தாண்டித்தான் வாடகைக்கு இடம் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிற்காலத்தில் நடந்தது என்னவென்றால், வேலையை எங்கே கொண்டுவந்து வைப்பது என்பதை அரசாங்கம் திட்டமிட்டது. வேலை செய்கிறவர்கள் எங்கே குடியிருப்பது என்பதைச் சந்தைக்கு விட்டுவிட்டது. 2000 ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. சிறுசேரியில் சிப்காட் நிலம் எடுத்துக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. பழைய மகாபலிபுரம் சாலையை ஆறு வழியாக அகலப்படுத்தினார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்களே. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அவற்றால் சோறு கிடைத்தது. ஆயினும் கம்பெனிகளுக்கு நிலம் எடுத்த அக்கறையில் பாதியளவு அந்தக் கம்பெனிகளில் வேலைக்கு வருகிற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டுக்கென்று நிலம் எடுப்பதில் காட்டியிருந்தால், இன்று நான் இந்த மேடையில் வேறு விஷயம் பேசிக்கொண்டிருப்பேன். நாவலூரிலும் கேளம்பாக்கத்திலும் தனியார் முன்னமே வாங்கிப்போட்ட நிலம், சாலை வந்தவுடன் பொன்னாயிற்று. ஒரு மனையில் அதன் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளம் எழுப்பலாம் என்பதைச் சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டை 2019 கட்டட விதிகளில் ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தினார்கள். ஒரே மனையில் அதிக வீடு கட்டலாம், ஆகவே விலை குறையும் என்பது எதிர்பார்ப்பு. அந்த அனுகூலத்தில் பெரும்பகுதியை மனை விற்கிறவர் தம் விலையில் ஏற்றிக்கொள்ள இடமிருக்கும்வரை, வாங்குகிறவர் கைக்கு அது முழுமையாக வந்து சேராது.

விலை தாளாமல் வெளியே தள்ளப்படுகிற இளைஞர்கள் எங்கே போய் வாங்குகிறார்கள் என்பது தனியே பேசத்தக்க விஷயம். நம் ஊர்ப் பெயர்களே அதைச் சொல்லும். பழவந்தாங்கல் என்கிறோம், தாங்கல் என்றால் சிறிய ஏரி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரி இல்லை. தாழ்ந்த நிலம் விலை தாழ்ந்த நிலம். கையில் குறைவாகப் பணம் வைத்திருப்பவர் அங்கேதான் போக முடியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைப் பக்கம் நாட்கணக்கில் நீர் வடியாமல் நின்றபோதும், தரைதளத்தில் நனைந்த கட்டில்களில் தவணை தீராத கட்டில்களே அதிகம். தண்ணீர் வடிந்த பிறகும் தவணை வடிவதில்லை. அந்த மாதமும் ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டுவிடும். பெரியவர்கள் ஏரியில் மனை போட்டு விற்றுவிட்டு, சிறியவர்கள் ஏன் ஏரியில் வாங்கினார்கள் என்று கேட்பது தர்மமாகாது. அவ்வாறு மனை போட்டதில் அரசாங்க ஸ்தாபனங்களுக்கும் பங்குண்டு.

இன்னொரு தடையையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நகரத்துக்குள்ளே பழைய வீடு ஒன்றைச் சம்பளக்காரர் வாங்கப் போனால், விலையில் ஒரு பகுதியைக் காகிதத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கேட்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. சம்பளக்காரரிடம் கணக்கில் வராத பணம் ஏது? அவருடைய ஒவ்வொரு ரூபாயும் வரி பிடித்தத்துக்குப் பிறகு வங்கியில் வந்து விழுவது. பத்திரத்தில் எழுதும் விலைக்குத்தான் வங்கி கடன் கொடுக்கும். நேர்மையாகச் சம்பாதிப்பதே வீடு வாங்குவதற்கு ஒரு குறையாகிவிட்ட இடத்தில், நேர்மையை யாரிடம் போய்ப் போதிப்பது?

இனி, என் மனத்தை மிகவும் வருத்துகிற இடத்துக்கு வருகிறேன். இத்தமிழ்நாட்டில் கல்வி செய்த பெருங்காரியம் ஒன்று உண்டு. குடியானவன் மகனும், கைத்தறி நெய்கிறவர் மகளும், பண்ணையாள் பேத்தியும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்து, ஒரே தேர்வு எழுதி, ஒரே கம்பெனியில் அடுத்தடுத்த நாற்காலியில் ஒரே சம்பளத்துக்கு அமர முடிந்தது. மூன்று தலைமுறைப் போராட்டத்தின் பயன் அது. நாற்காலிவரை சமமாக வந்தவர்கள், மாலையில் கம்பெனி வாசலைத் தாண்டியதும் பிரிந்துவிடுகிறார்கள். ஒருவர் பெசன்ட் நகரில் தாத்தா கட்டிய வீட்டுக்குப் போகிறார். வாடகையும் இல்லை, தவணையும் இல்லை, சம்பளம் முழுவதும் சேமிப்பு. மற்றொருவர் மூன்று பேராகச் சேர்ந்து எடுத்த அறைக்குப் போகிறார். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்குப் போகிறது, ஒரு பங்கு ஊரில் இருக்கும் தாய் தந்தையருக்குப் போகிறது. பத்து ஆண்டு கழித்து இருவரையும் பார்த்தால், ஒரே உழைப்பை உழைத்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பட்டம் அழித்த கோட்டை மனை மறுபடியும் வரைந்துவிடுகிறது. நிலம் யாரிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது, யாரிடம் இல்லாமல் இருந்தது என்பதை இச்சபையினருக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பழைய வேற்றுமை, வீட்டுக்கடன் விண்ணப்பத்தில் 'சொந்தப் பங்கு' என்ற ஒரு கட்டத்துக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

என் மாணவரும் அவர் மனைவியாரும் அந்த வீட்டை வாங்கிவிட்டார்கள். மாமனார் ஏக்கரை விற்றார். கிணற்றுப் பாசனமுள்ள நல்ல நஞ்சை. மாணவரோடு அவருடைய கம்பெனியில் வேலை செய்யும், ஏக்கர் இல்லாத சிநேகிதர் ஒருவர் கிருஹப்பிரவேசத்துக்கு வந்து பந்தி பரிமாறினார் என்று கேள்விப்பட்டேன். ஒருவருக்கு வீடு கிடைத்தது என்று மகிழ்கிற அதே வேளையில், ஒரு கிராமத்தில் ஓர் ஏக்கர் உழவு நின்றது என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

பரிகாரம் உண்டா என்றால், உண்டு. அதை நடத்திக் காட்டிய நாடும் உண்டு. சிங்கப்பூரில் 1960 இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டது. 1964 இல் குடிமக்கள் வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டம் வந்தது. 1966 ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் பெருமளவு நிலத்தை அரசாங்கத்தின் கைக்குக் கொண்டுவந்தது. 1968 முதல் தொழிலாளர் தம் சேமநிதியை வீட்டுத் தவணைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றாயிற்று. இன்று அந்நாட்டு மக்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் அக்கழகம் கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். வீடு 99 ஆண்டுக் குத்தகைக்கே கிடைக்கும். வாங்கியவர் குறைந்தது ஐந்து ஆண்டு அதில் குடியிருந்த பிறகே விற்கலாம். அங்கும் குறைகள் இல்லாமலில்லை. மணமாகாதவர் தனியே வாங்க 35 வயது வரை காத்திருக்க வேண்டும். நிலத்தை இழந்தவர்களுக்கு அக்காலத்தில் கொடுத்த நஷ்டஈடு தாராளமானது என்று சொல்வதற்கில்லை. நம் உழவர்களிடம் அம்முறையைக் கையாள்வதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அங்கே ஆட்சிபுரிந்தவர்கள் ஒன்றைத் தெளிவாக உணர்ந்திருந்தார்கள்: நிலத்தைப் பொதுக்கையில் வைத்துக்கொண்டால்தான் வீடு சம்பளத்துக்குள் அடங்கும். நம் வீட்டுவசதி வாரியமும் அதே பத்தாண்டில் பிறந்த குழந்தைதான். அது வளர்ந்த வழி வேறாயிற்று.

ஆகவே என் முதல் விண்ணப்பம் அரசாங்கத்துக்கு. சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 2022 இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டிருக்கிறது. விரிந்த அந்தப் பரப்பில் சாலையும் ரயிலும் இனிமேல்தான் போகப்போகின்றன. அவை போவதற்கு முன்னே, ஏரியும் நஞ்சையும் தவிர்த்து, மேட்டு நிலத்தை நியாயமான விலை கொடுத்துப் பொதுக்கையில் எடுங்கள். எடுத்ததை ஏலத்தில் விட்டுவிடாதீர்கள். நீண்ட காலக் குத்தகையில், குடியிருப்போருக்கே, மறுவிற்பனையில் கொள்ளை லாபம் புகாத நிபந்தனையோடு வீடாகக் கொடுங்கள். மெட்ரோ நிலையங்களைச் சுற்றி அரசாங்கத்துக்கு இருக்கும் இடங்களை வணிக மாளிகைகளுக்கு விட்டுவிடாமல், முதன்முறையாக வீடு வாங்குவோருக்கென்று ஒதுக்குங்கள். வரிச்சட்டம் 'கட்டுபடியான வீடு' என்று ஏற்றுக்கொள்வது 45 லட்சத்துக்கு மேற்படாததும், சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டருக்கு மேற்படாததுமான வீடு. அந்த இலக்கணத்துக்கு உட்பட்ட வீடு நகரத்துக்குள்ளே ஒரு சம்பளக்காரர் கண்ணில் படும்படியாக இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது.

இவையெல்லாம் நடந்தேறப் பத்து இருபது ஆண்டுகள் செல்லும். அதுவரை நம் பிள்ளைகள் வாடகை வீட்டில்தான் இருப்பார்கள். அவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் இருக்கவும்கூடும். அதில் இழிவு ஒன்றும் இல்லை. இழிவு, வாடகைக்கு இருப்போரை நாம் நடத்துகிற விதத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன்களில், இரண்டு கட்டிலும் ஒரு கொடிக்கயிறும் கொண்ட அறைகளில், வேலை தேடி வந்த இளைஞர்கள் வருஷக்கணக்கில் தங்கினார்கள். இன்று பெருங்குடியிலும் துரைப்பாக்கத்திலும் ஓர் அறைக்கு மூன்று, நான்கு கட்டில் போட்ட பி.ஜி. விடுதிகளில் தங்குகிறார்கள். தனி வீடு பார்க்கப் போனால், குடும்பத்தினருக்கு மட்டும் என்கிறோம். சைவமா என்று கேட்கிறோம். அதற்கடுத்த கேள்வியையும் வாய்விட்டுக் கேட்காமல் பெயரிலிருந்தும் ஊரிலிருந்தும் தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கும் வழக்கம் இந்நகரத்தில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. 20,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு அது 2 லட்சம். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆன பிள்ளை அதற்குக் கடன் வாங்குகிறது. 2019 இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்கிறது. வேறுவிதமான ஒப்பந்தம் என்ற அந்தச் சிறு வாசலின் வழியாகவே பத்து மாதம் மறுபடியும் உள்ளே வந்துவிடுகிறது.

என் இரண்டாவது விண்ணப்பம் உங்களுக்கு. இம்மண்டபத்தில் சொந்த வீட்டுக்காரர்கள் நூறு பேருக்குக் குறையாமல் இருப்பீர்கள். மாடியை வாடகைக்கு விடுகிறவர்களும், பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டதனால் கீழ்வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறவர்களும் உங்களில் உண்டு என்பதை அறிவேன். நானும் உங்களில் ஒருவன். அந்தப் பூட்டைத் திறந்துவிடுங்கள். மணமாகாத பெண்ணென்றும் பிள்ளையென்றும் பார்க்காதீர்கள், சாதியைத் துருவாதீர்கள், மூன்று மாத முன்பணத்துக்கு மேல் வாங்காதீர்கள், ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொடுங்கள். சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இதற்கு இல்லை. இன்றிரவு வீடு திரும்பியதும் செய்யலாம்.